ஞாயிற்றுக்கிழமைக் காற்று

திங்கள் முதல் புதன் வரை திரேஸ்புரம் வள்ளக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காற்றையே அனுப்பிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது. இரண்டாக இருந்ததை ஒன்றாக்கினேன். கெட்டுப்போயிற்று.

எப்படி என்று சொல்கிறேன். சுருக்கமாகத்தான் சொல்வேன். நீட்டிப் பேச எனக்கு வராது. வீட்டில் அதற்கு வேறு ஆள் இருக்கிறது.

நான் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன். கடல் நடுவில் வானிலைப் படத்தை வாங்கி, மை காயும் முன் கேப்டனிடம் கொடுப்பது என் வேலை. பிறகு சாட்டிலைட் வந்தது. ரேடியோ வேலையும், கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான மேட் பார்க்கும் வேலையும் பாதிக்குப் பாதி ஒன்றுதான், எதற்கு இரண்டு ஆள் என்று கம்பெனி கேட்டது. ஒன்றாக்கினார்கள். வேலை மேட்டுக்குப் போயிற்று. நான் தூத்துக்குடிக்கு வந்தேன். வரும்போது ஒரு காதைக் கப்பல் இரைச்சலில் விட்டுவிட்டேன். மிச்சமுள்ள காது கிளாடிஸ் பக்கம்.

கிளாடிஸ் என் மனைவி. ஷிப்பிங் ஏஜென்சி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்தவள். ரிட்டயர் ஆனதும் சும்மா இருப்பாள் என்று நான் நினைத்தேன். என்னைப் பற்றி அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாளாம். இரண்டும் நடக்கவில்லை.

எனக்கு ஒரு வேலை உண்டு. விடியுமுன் எழுந்து அன்றைய காற்றுப் படத்தை இறக்கி, மன்னார் வளைகுடா மட்டும் தெரியும்படி வெட்டி, வள்ளக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். காற்றுக் காட்டும் ஆப் ஆயிரம் இருக்கிறதே என்பீர்கள். கரை தாண்டிச் சிக்னல் போனால் எல்லா ஆப்பும் வெள்ளைத் திரை. படம் போனில் கிடந்தால் நடுக்கடலிலும் பார்க்கலாம். தலைப்பு, தேதி, விளம்பரம் எல்லாவற்றையும் வெட்டிவிடுவேன். எடை குறையும். கச்சான் வலுத்தால், அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, "போக வேண்டாம்" என்று கீழே ஒரு வரி. அந்த ஒரு வரியை நம்பித் தெருவே கடலுக்குப் போகிறது, வருகிறது என்பது என் எண்ணம். இந்த வயதில் மனிதனுக்கு வேறென்ன இருக்கிறது.

பட்டனை அமுக்கும் வேலை எனக்கு ஆகாது. கருப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு வரிக் கட்டளை. கோப்பு இறங்கி, தானே வெட்டுப்பட்டு நிற்கும். நான் பயன்படுத்துவது டபிள்யூகெட். உறுதியான சாமான். நெட் நடுவில் செத்தால் காத்திருக்கும். உயிர் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பொறுமைசாலி. என்னைப் போல என்று சொல்ல வந்தேன். கிளாடிஸ் பின்னால் நிற்கிறாள். விடுங்கள்.

அவள் பயன்படுத்துவது கர்ல். பெயருக்கே சுருள் என்று அர்த்தம். அவள் முடியும் சுருள், கட்டளையும் சுருள், பதிலும் சுருள். அதுவும் கோப்பை இறக்கும். ஏதோ கைப்பழக்கம் விட்டுவிடக்கூடாது என்று தினமும் ஒரு படம் இறக்கிப் பார்ப்பாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. வீட்டோடு இருக்கிற பொம்பளைக்கு ஒரு பொழுதுபோக்கு.

சனிக்கிழமை கம்ப்யூட்டர் என்னைப் பார்த்து 'இடமில்லை' என்றது. என் வீட்டில், என் மேசையில், எனக்கே இடமில்லையாம். உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரே வேலைக்கு இரண்டு கருவி. ஒரே காற்று இரண்டு தடவை இறங்குகிறது. அங்கேயே முடிவெடுத்தேன். ஒரு வீடு. ஒரு கட்டளை.

"ஏளா கிளாடிஸ், இங்க வா."

"மீன் கையா இருக்கு. அங்கருந்தே சொல்லுங்க. எனக்கு ரெண்டு காதும் கேக்கும்."

"ரெண்டையும் ஒண்ணாக்கப் போறேன்."

"எந்த ரெண்டை?"

"என் டபிள்யூகெட்டு, உன் கர்லு. ரெண்டும் ஒரே வேலைதான பாக்குது. எதுக்கு ரெண்டு?"

அடுப்பங்கரையில் கத்தி நின்றது. மீனுக்குக் கொஞ்சம் ஆயுள் கூடியது.

"நீங்களும் நானும் ஒரே வேலைதான் பாக்கோம். சோறு திங்கோம். எதுக்கு ரெண்டு தட்டு?"

"அது வேற."

"வீட்டுக்கு முன்வாசல் ஒண்ணு, பின்வாசல் ஒண்ணு. ரெண்டும் வெளிய போறதுக்குத்தான். ஒண்ண அடச்சிருவமா?"

"அது வேறளா."

"உங்க வேலையையும் மேட்டு வேலையையும் ஒண்ணாக்கினப்ப என்ன சொன்னீங்க? பாக்கத்தான் ஒண்ணு மாதிரி இருக்கும், உள்ள இறங்கிப் பாத்தாத் தெரியும்னு சிங்கப்பூர்லருந்து போன் போட்டுக் கத்தினீங்க. பக்கத்து வீட்டுக்குப் போன் இல்லாமலே கேட்டுது."

"அது முழுசா வேற."

மூன்று தடவை 'அது வேற' சொல்லியாயிற்று. எனக்குத் தெரிந்த வாதம் அவ்வளவுதான். கட்சி மாறினேன்.

"கம்ப்யூட்டர்ல எடமில்ல. அதுக்கு என்ன சொல்லுத?"

"என்னுது ஒரே ஒரு படம். 'காத்து'ன்னு பேரு. நாளைக்கு வாற படம் இன்னைக்குப் படத்து மேலயே உக்காந்துக்கும். உங்களுது தேதி போட்டுத் தேதி போட்டு எத்தன வருசத்துக் காத்த அடச்சு வச்சிருக்கீங்க? செத்த காத்து. அதுவா எடத்த விடும்?"

"அது சரித்திரம்."

"சரித்திரம் கெடக்கட்டும், நான் மீன் உரசணும்."

சொல்கிறேனே, ஒரு விஷயத்தில் அவள் சொன்னது சரி. ஒரே பெயர் வைத்தால் இடம் மிச்சம். அதை எடுத்துக்கொண்டேன். ஒன்றாக்குவது என்றால் இரண்டு பக்கமும் நல்லதை எடுப்பதுதானே. அவளிடமிருந்து ஒரே பெயர். என்னிடமிருந்து விட்ட இடத்தில் தொடரும் பொறுமை. இரண்டு நல்ல குணம் சேர்ந்தால் நல்ல பிள்ளை பிறக்கும் என்று நினைத்தேன்.

அந்த நேரம் ரெக்சன் உள்ளே வந்தான். பக்கத்து வீட்டுக்காரன். சொந்த வள்ளம். இஞ்சின் சிக்கிக்கொண்டதால் கடலுக்குப் போகாமல் கரையில் கிடந்தான். வேலையில்லாத மீனவனுக்குத் தெரியாத விஷயம் கிடையாது.

"அண்ணாச்சி, ஆரியான்னு இன்னொண்ணு இருக்காம். ஒரு கோப்பத் துண்டு துண்டா வெட்டி, பத்து வழில ஒரே நேரத்துல இழுக்குமாம்."

"ஏலே, இருக்கதே ரெண்டு. அதுலயே ஒண்ணக் கழிக்கப் பாக்கேன். நீ மூணாவத வீட்டுக்குள்ள கொண்டு வாற."

"இல்ல, காதுல விழுந்துச்சு, சொன்னேன்."

"எந்த வீட்டுக் காதுல?"

ரெக்சன் அடுப்பங்கரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். பிறகு மோட்டுவளையைப் பார்த்தான். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

கிளாடிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கோபம் இல்லை. சிரிப்புக்கூட இருந்தது. அதுதான் ஆபத்து என்று இத்தனை வருஷத்தில் நான் கற்றிருக்க வேண்டும்.

"சரி. ஒண்ணாக்குங்க. நான் குறுக்க நிக்கல."

"உன்னுதை அழிச்சிரணும்."

"அழிச்சிருதேன். ஒரே ஒரு பேச்சு. ஒண்ணாக்கின பொறவு ஏதாச்சும் கெட்டுச்சுன்னா என்னைக் கூப்பிடக்கூடாது."

"நான் எதுக்குக் கூப்பிடப் போறேன்?"

"மாதா படத்தப் பாத்துச் சொல்லுங்க."

சொன்னேன். ரெக்சன் சாட்சி. அவனும் ஏனோ சிலுவை போட்டுக்கொண்டான்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலில் இறங்க மாட்டார்கள். வள்ளம் எல்லாம் மணலில் ஓய்வெடுக்கும். புதுச் சாமானைச் சோதிக்க அதைவிட நல்ல நாள் கிடையாது என்று கணக்குப் போட்டேன். இடத்துக்காகப் பழைய படம் எல்லாவற்றையும் அழித்தேன். சரித்திரம் போயிற்று. மனது கொஞ்சம் வலித்தது. புதுக் கட்டளைக்கு 'ஒன்று' என்று பெயர் வைத்தேன். அடித்தேன். படம் வந்தது. 'காத்து' என்ற பெயரிலேயே வந்து உட்கார்ந்தது. சுத்தமான படம். கடல் முழுக்கச் சிவப்பு. கச்சான் பேயாட்டம் ஆடுகிறது. வெளியே தென்னை மட்டையும் அப்படியே ஆடியது. படமும் மரமும் ஒத்துப்போனால் பரீட்சை பாஸ்.

"கிளாடிஸ், வந்து பாரு. ஓடுது."

"கூப்பிடக்கூடாதுன்னு சொன்னேன்."

"கெட்டாத்தான் கூப்பிடக்கூடாது. இது நல்லா ஓடுது."

"அப்ப எதுக்கு நான்?"

திங்கட்கிழமை. எழுந்தேன். ஜெபம். கடுங்காப்பி. நாலரைக்கு 'ஒன்று' அடித்தேன். கண் மூடித் திறக்குமுன் வேலை முடிந்தது. இத்தனை வேகத்தை நான் பார்த்ததே இல்லை. ஒன்றாக்கியதன் பலன் என்று நினைத்துக்கொண்டேன். படத்தைத் திறந்தேன். கடல் முழுக்கச் சிவப்பு. கச்சான் இன்னும் தணியவில்லை. 'போக வேண்டாம்' என்று எழுதி அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. ரெக்சன். எப்போதுமே ஒரு கட்டைவிரல்தான் வரும். ஒருத்தன் போட்டால் ஊருக்கே போட்டதாக அர்த்தம் என்று எடுத்துக்கொள்வேன். நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

மத்தியானம் சாளைக் குழம்பு.

"கடலுக்கே யாரும் போகல. சாளை ஏது?"

"ஐஸ் மீன்."

"அதான பாத்தேன். ருசி கொஞ்சம் மட்டு."

மூன்றாம் தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமையும் கச்சான். 'போக வேண்டாம்.' ஒரு கட்டைவிரல். மத்தியானம் ஊளி மீன்.

"இதுவும் ஐஸா?"

"கண்ணப் பாத்தாத் தெரியல?"

மீனின் கண் பளபளவென்று என்னைப் பார்த்தது. நான் தட்டைப் பார்த்தேன்.

சாப்பிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். கொடியில் என் கைலிச் சாரம் காய்ந்துகொண்டிருந்தது. அசையவில்லை. இஸ்திரி போட்ட மாதிரித் தொங்கியது. கச்சான் அடித்தால் அது பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்க வேண்டும். விரலை ஈரம் பண்ணித் தூக்கிப் பிடித்தேன். ஈரம் அப்படியே இருந்தது. பின்னால் கிளாடிஸ் குரல் கேட்டது.

"யாருக்கு டாட்டா காட்டுதீங்க?"

"காத்துப் பாக்கேன்."

"படத்துலதான் பேயா அடிக்குன்னீங்க?"

"கடல்ல அடிக்கும். கரைல அடிக்காது."

"ஓகோ. நம்ம வீட்டு ஆம்பளைக்கு எதிரா இருக்கும்போல. வெளில பேயா அடிக்கும், வீட்டுல அசையாது."

இறங்கிப் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். 'ஒன்று' அடித்தேன். அதே படம். எழுந்து மாடிக்குப் போனேன். அதே சாரம். இறங்கினேன். ஏறினேன். பொழுது சாயும்வரை இதே வேலை. முட்டி வலி கண்டதுதான் மிச்சம்.

புதன்கிழமை படத்தைச் சட்டென்று அனுப்ப முடியவில்லை. யோசித்துப் பாருங்கள். நான் ஒரு வரி எழுதுகிறேன். அதை நம்பி அத்தனை வள்ளமும் மணலில் கிடக்கிறது. அத்தனை வீட்டிலும் ஆம்பிளைகள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தால்? என்னால்தான் அடுப்பு எரியவில்லை என்று ஆகும். 'போக வேண்டாம்' என்பதை எழுதவா அழிக்கவா என்று கட்டைவிரல் திரைமேலேயே நின்றது. ஒருவேளை நிஜமாகவே கச்சான் இருந்து, நான் 'போகலாம்' என்று எழுதி, ஒருத்தன் கவிழ்ந்தால்? எழுதினேன். 'போக வேண்டாம்.'

ரெக்சனின் கட்டைவிரல் உடனே வந்தது. அது என்னைத் திட்டுகிற மாதிரி இருந்தது.

கிளாடிஸைக் கூப்பிடலாம். மாதா படம் சுவரில் இருந்தது. என்னையே பார்த்தது. கூப்பிடவில்லை. இருமினேன். பலமாக இருமினேன்.

"இருமலுக்குச் சுக்கு வேணுமா?" அடுப்பங்கரையிலிருந்து.

"வேண்டாம்."

"வேற எதுக்காச்சும் கூப்பிட்டீங்களா?"

"கூப்பிடல. இருமினேன்."

"அதான. சத்தியம் பண்ணின மனுசன்."

மத்தியானம் கணவாய் பொரியல். இறங்கவில்லை. இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமைதான் பிடித்தேன். படத்தை மூக்கு திரையில் முட்டும்படி பார்த்தேன். மணப்பாடு முனைக்கு நேரே ஒரு அம்புக்குறி வளைந்து, பூனை வால் மாதிரி இருக்கும். திங்கட்கிழமையும் அந்த வால் இருந்தது. செவ்வாயும் இருந்தது. காற்று தினமும் ஒரே வாலைத் தூக்கிக்கொண்டு வராது. அது ஞாயிற்றுக்கிழமைப் படம். நான்தான் எடை குறைப்பதற்காகத் தேதியை வெட்டித் தள்ளுகிறவன் ஆயிற்றே. எந்த நாள் காற்று என்று எனக்கே தெரிய வழியில்லை.

அன்று குழுவில் ஒன்றும் போடவில்லை. சட்டையை மாட்டினேன். கடற்கரைக்கு நேரே போய் எல்லார் முன்னாலும் நின்று, "தப்பு என்னுது, என் பேச்சைக் கேட்டுச் சும்மா கிடந்தீங்க, மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிடுவது. அதன் பிறகு அந்த வேலையை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கட்டும். கம்பெனி எடுத்துக்கொண்டதை ஊரும் எடுத்துக்கொள்ளட்டும். வழியெல்லாம் அந்த மூன்று வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன்.

கரைக்குப் போனால் சொல்வதற்கு ஆள் இல்லை. வள்ளமும் இல்லை. மணலில் ஒரே ஒரு வள்ளம். அதன் பக்கத்தில் இஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ரெக்சன். கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது.

"ஏலே ரெக்சன், வள்ளமெல்லாம் எங்கல?"

"கடல்ல, அண்ணாச்சி."

"கடல்லயா? இன்னைக்கா போனாவ?"

"தினமும்தான் போறாவ."

"நான் 'போக வேண்டாம்'னு போட்டிருந்தேனே."

"ஆமா. பாத்தேன். கட்டைவிரல் போட்டேன்லா?"

"பாத்துட்டு எப்படில போனாவ?"

"மைனி படத்துல காத்து இல்லன்னு..." நிறுத்தினான். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். எதற்கோ மறுபடி எடுத்தான். "அண்ணாச்சி, இந்த நட்டு எந்தப் பக்கம் திருகும்?"

"நட்டு கெடக்கட்டும். எந்த மைனி படம்?"

எனக்குத் தெரியும், அவன் மைனி என்று, அதாவது அண்ணி என்று, கூப்பிடுவது கிளாடிஸ் ஒருத்தியைத்தான்.

"பொண்டுவ குரூப்பு ஒண்ணு இருக்கு, அண்ணாச்சி. அதுல மைனி தினமும் காத்துப் படம் போடுவாவ. மூணரைக்கெல்லாம் வந்துரும். எங்க வீட்டுல பாத்துட்டு, 'எந்திரி, காத்து இல்ல, கெளம்பு'ம்பா. எல்லா வீட்டுலயும் அப்படித்தான்."

"இந்த வாரமா?"

"இந்த வாரமும்தான்."

"எப்பருந்துல?"

"போன கிறிஸ்மஸ் குடில் வைக்கும்போதே இருந்துச்சு."

வள்ளத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப என் படம்?"

"நல்ல படம், அண்ணாச்சி. கலரெல்லாம் நல்லா தெளிவா இருக்கும். நாலரைக்கு வருது. நாங்க நாலுக்கே தள்ளிருவோம். சிக்னல் தாண்டின பொறவு எங்க பாக்க? கரைக்கு வந்து பாப்போம். அன்னைக்கு அடிச்ச காத்து சரியாத்தான் போட்டிருப்பீங்க."

"கரைக்கு வந்தா?"

"ஆமா. ஒத்துப் பாப்போம்."

"அப்ப கட்டைவிரலு? தினமும் ஒண்ணு வருதே."

"அது டூட்டி."

"என்ன டூட்டி?"

"யாரு இஞ்சின் பழுதோ, யாருக்குக் காச்சலோ, கரைல இருக்க ஆளு அண்ணாச்சி படத்துக்கு ஒரு கட்டைவிரல் போட்டுரணும். சிக்னல் அவனுக்குத்தான இருக்கும். இந்த வாரம் எனக்கு."

"யாருல போட்டா இந்த டூட்டிய?"

ரெக்சன் நட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மைனிதான். பதில் வராமக் கெடந்தா உங்க அண்ணாச்சி அன்னைக்குப் பூரா வீட்டுக்குள்ளயே நடக்காவ, ஏறுதாவ, எறங்குதாவ, என்னால ஒரு வேலை பாக்க முடியலன்னாவ. ஒரு விரல் போட்டா ஒங்களுக்கு என்ன கொறஞ்சுரும்னு கேட்டாவ. நியாயம்தான, அண்ணாச்சி?"

நியாயம்தான். நான் மனதில் தயார் செய்து வந்த மூன்று வாக்கியத்தையும் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. கடலைப் பார்த்து நின்றேன். தூரத்தில் வள்ளங்கள் எள்ளு மாதிரித் தெரிந்தன. ஒருத்தன் அடுப்பும் என்னால் அணையவில்லை. சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். பாதி.

வீட்டுக்கு வந்தேன். சீலா மீன் வறுபடும் மணம் வாசலுக்கே வந்தது.

"ஐஸ் மீனா?" என்று கேட்டேன்.

"நீங்க எங்க போயிட்டு வாறீங்கங்கதைப் பொறுத்து."

"கடக்கரைக்கு."

"அப்ப ஐஸ் இல்ல."

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். ஒன்றாக்கியதை மறுபடி இரண்டாக்குவது என்று முடிவு. பிரிக்குமுன் கடைசியாக ஒரு தடவை 'ஒன்று' அடித்தேன். கொஞ்ச நேரம் எடுத்தது. படம் வந்தது. கடல் முழுக்கப் பச்சை. மணப்பாட்டில் பூனை வால் இல்லை. அன்றைய காற்று. மேலே தேதிகூட இருந்தது. நான் வெட்டித் தள்ளும் தேதி.

"யாரு இதத் தொட்டது?"

"நான்தான்."

"கூப்பிடக்கூடாதுன்னு சொன்னியே?"

"நீங்க கூப்பிடக்கூடாதுன்னுதான் சொன்னேன். நான் வரமாட்டேன்னு சொன்னேனா?"

மாதா படத்தைப் பார்த்தேன். அங்கேயும் உதவி இல்லை.

"என்ன தப்பு பண்ணினேன்? அதையாவது சொல்லு."

மீனைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கரண்டியோடு வந்தாள்.

"தினமும் பால் வாங்குதோம். நீங்க தினமும் ஒரு புதுச் சட்டி எடுப்பீங்க, தேதி எழுதி வைப்பீங்க. நான் ஒரே சட்டி, பழசக் கொட்டிக் கழுவிட்டு வாங்குவேன். ரெண்டு பேருக்கும் புதுப் பால்தான். சரியா?"

"சரி."

"நீங்க என்ன பண்ணினீங்க? என் சட்டிய எடுத்துக்கிட்டீங்க. கழுவுதத விட்டுட்டீங்க. உங்க டபிள்யூகெட்டுக்கு என்ன குணம்? சட்டி கொறையா இருந்தா ஊத்தும். நெறஞ்சிருந்தா?"

"'இருக்கு'ன்னு சொல்லித் திரும்பிரும்."

"ஞாயித்துக்கெழமைப் பால் நெறஞ்சு கெடக்கு. தினமும் பால்காரன் வாறான், சட்டிய எட்டிப் பாக்கான், போறான். நீங்க அந்தத் திரிஞ்ச பால ஊருக்கு ஊத்துதீங்க."

இவ்வளவுதான். பாட்டரி, ஆண்டெனா, பத்து நாட்டு அலைவரிசை எல்லாம் தெரிந்தவன் நான். சட்டி கழுவ மறந்துவிட்டேன்.

"இப்ப?"

"கழுவிட்டு வாங்கச் சொல்லி ஒரு வரி சேத்திருக்கேன். தேதிய வெட்டாம விட்டிருக்கேன். உங்க 'ஒன்று' நல்லாத்தான் ஓடுது. பேர மாத்தல."

கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது.

"அப்ப ஒண்ணாக்கினது சரிதான?"

"சரிதான்."

"உன்னுத அழிச்சிட்டதான?"

"எதுக்கு அழிக்க? ஒண்ணு படுத்தா இன்னொண்ணு வேணும்லா."

"நான் தேடிப் பாத்தேன். இல்லியே."

"பேர மாத்தி வச்சிருக்கேன். 'சமையல்'னு ஒரு போல்டர். அதுக்குள்ள நீங்க வரமாட்டீங்கன்னு தெரியும்."

வாழ்க்கையில் ஒரு நாள்கூட நான் அதற்குள் போனதில்லை. உண்மை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ரெக்சனின் இஞ்சின் சரியாகிவிட்டது. யாருக்கும் காய்ச்சல் இல்லை. தெரு முழுக்கக் கடலுக்குக் கிளம்பிவிட்டது. என் போன் குறுகுறுத்தது. பெண்கள் குழுவில் என்னைச் சேர்த்திருந்தார்கள். உள்ளே நான் ஒருத்தன்தான் ஆம்பிளை. மூன்றரைக்கே படம் வந்து உட்கார்ந்திருந்தது. பச்சைக் கடல். தேதி. கீழே 'போகலாம்'.

நாலரைக்கு ஜெபம் முடித்தேன். காப்பி வரவில்லை. அடுப்பங்கரையில் கிளாடிஸ் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"என்னளா, காப்பி?"

"எப்படிப் போட? படம் பதில் இல்லாமக் கெடக்கு. கரைல ஆளு யாரும் இல்ல போல."

கரையில் ஆள் இருந்தது. கண்ணாடியைத் தேடி மாட்டினேன். கட்டைவிரலை நீட்டி ஒரு தடவை அழுத்தினேன்.

காப்பி வந்தது.

ஆக, பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன். ஒன்றாக்கியது நான். கட்டைவிரல் போட்டதும் நான். காற்றைச் சரிசெய்தது கிளாடிஸ்.